ஒன்றரை அங்குலம்

பொருள்களைப் பிரித்துக்கொண்ட நாளில்
ஏணி எனக்கு,
பிரஷ் ஹியூவுக்கு.
யாரும் அப்படி முடிவு செய்யவில்லை.
நாய்க்காகச் சண்டை போட்டோம்,
நீலக் கெண்டிக்காக மூன்று நாள் பேசாமலிருந்தோம்;
பிரஷ் சத்தமில்லாமல்
அவனுடைய பெட்டியில் ஏறிப் போயிருந்தது.

தூரிகை என்று சொல்லி
பெரிதுபடுத்த வேண்டாம்.
வீட்டுக்குப் பூசுகிற பிரஷ்.
அது இல்லாமல்தான்
ஸ்வான்சீயின் மேட்டுத்தெருவில்
இந்த வாடகை வீட்டுக்கு வந்தேன்.
சன்னல் சட்டங்களை நீயே பூசிக்கொண்டால்
முதல் மாதத்தில் பாதி தள்ளுபடி என்றார்
வீட்டுக்காரி திருமதி பென்ஹேல்.
சரியென்று தலையாட்டிய பிறகுதான்
சன்னல்களை எண்ணினேன்.
ஏழு.

மூன்று பவுனுக்கு ஐந்து பிரஷ்.
ஒரே பைக்குள், உயர வரிசையில்,
பள்ளிக்கூடப் புகைப்படத்துப் பிள்ளைகள் மாதிரி.
ஒன்று அறுபது பென்ஸ்தான் ஆகிறது
என்று வாய்விட்டே சொன்னேன்,
கேட்க யாருமில்லாத வரிசையில்.

முதல் இழுப்பில் மூன்று இழை உதிர்ந்தது.
அடுத்ததில் எண்ணவில்லை.
புருவம் திருத்தும் சாமணத்தை எடுத்துவந்து
ஈரப் பெயின்டிலிருந்து
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன்.
பிடுங்கிய இடத்தில் விரல்தடம்,
விரல்தடத்தின் மேல் மறுபூச்சு,
மறுபூச்சில் இன்னும் இரண்டு இழை.
இருட்டும்போது சன்னல்விளிம்பைப் பார்த்தால்
ஒரு கிழட்டுப் பூனை
மத்தியானம் முழுக்க அங்கே படுத்திருந்தது போலிருந்தது.

மறுநாள் அதே கடை.
இந்த முறை விலைச்சீட்டைப் பார்க்கவில்லை.
இழைகளை விரித்து
நடுவில் எவ்வளவு வெறும் பள்ளம் என்று பார்த்தேன்.
நுனி பிளந்திருக்கிறதா,
தகரப் பட்டை ஆடுகிறதா.
சுண்டி இழுத்தேன்.
பிறகு, ஏனோ, கன்னத்தில் தடவிப் பார்த்தேன்.
பக்கத்தில்
மழைக்கோட்டோடு நின்ற ஒருத்தியும்
தன் கன்னத்தில் தடவிக்கொண்டிருந்தாள்.
கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர்கள் போல
இருவரும் கொஞ்சநேரம்
கண்ணாடியில்லாமல் ஒப்பனை செய்தோம்.
"பதினொன்றுக்கு விற்பது கைப்பிடிதான் அழகு," என்றாள்.
"ஆறு பவுன்காரன் போதும்.
சட்டத்துக்கு ஒன்றரை அங்குலம்,
நுனி சாய்வாக வெட்டியது."
பெயர் கேட்பதற்குள்
கல்லா வரிசையில் கலந்துவிட்டாள்.

ஆறு பவுன்காரன்
பெயின்டைக் கையில் ஏந்திக்கொண்டு போனான்.
கண்ணாடி ஓரத்தில்
நாடா ஒட்டாமலே நேர்க்கோடு.
நான் அவ்வளவு திறமைசாலி இல்லை,
அது எனக்கே தெரியும்.

வியாழக்கிழமை ஹியூவின் குறுஞ்செய்தி:
கேரிஸ், கூரைக்குப் பூச வேண்டும்,
ஏணி கிடைக்குமா?
பிரஷைக் கொண்டுவா என்றேன்.

கொண்டுவந்தான்.
ஜாம் குப்பியோடு.
தண்ணீர் என்றைக்கோ வற்றி
அடியில் வெள்ளையாய் ஒரு வட்டம்;
அதில் ஊன்றி நின்றது,
அசையாமல், கட்டைவிரல்போல விறைத்து,
பதினெட்டு பவுன் கொடுத்து
முதல் வீட்டுக்கு வாங்கிய பிரஷ்.
வாங்கிய அன்றும் சண்டைதான்.
இவ்வளவு விலையா என்று கேட்டது நான்;
ஆயுளுக்கும் வரும் என்றது அவன்.

இருவரும் குப்பியைப் பார்த்தோம்.
"சூடான வினிகரில் போட்டால்..." என்று தொடங்கினான்.
"ஏணி மாடிப்படிக்குக் கீழே," என்றேன்.

மழையில் அவன் இறங்கிப் போவதை
பூசி முடித்த சன்னல் வழியே பார்த்தேன்.
திருப்பத்தில் ஆள் மறைந்த பிறகும்
ஏணியின் பின்கால்கள் இரண்டும்
சற்றுநேரம் தெருவிலேயே நீட்டிக்கொண்டிருந்தன.

குழாயடியில் ஆறு பவுன்காரனைக் கழுவினேன்.
பால்நிறம் போய், புகைநிறம் போய்,
தண்ணீர் தண்ணீராகும் வரை.
நுனியை விரலால் கூர்செய்து,
காகிதம் சுற்றி,
ஆணியில் தலைகீழாக மாட்டினேன்.

இடது கீழ்மூலையில்
சாமணத்துக்குத் தப்பிய இழை ஒன்று
பெயின்டுக்கு அடியில் இருக்கிறது,
கண்ணில் விழுந்த இமைமுடி போல.
திருமதி பென்ஹேல் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவார்.
வரட்டும்.